மண்டபத்துக்குச் சந்தா எங்கே கட்டுவது?

புறவழிச்சாலை ஓரத்து மண்டபம் ஒன்றில் உறவுக்காரப் பெண்ணின் திருமண வரவேற்பு. இரவு ஒன்பது மணி. மாடியில் மூன்றாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கீழே மேடைக்கு முன்னால் இளவட்டங்களின் ஆட்டம். குத்துப் பாட்டு உச்சத்தைத் தொடப்போகும் நேரத்தில் சட்டென்று தாளம் அறுந்தது. ஆளுயர ஒலிபெருக்கிகள் நான்கிலும் ஒரு பெண் குரல், விளம்பரத் தொல்லை இல்லாமல் பாட்டுக் கேட்க இன்றே சந்தாதாரர் ஆகுங்கள் என்று குழைந்தது. தூக்கிய கால் தூக்கியபடி நின்ற கூட்டம், அடுத்த கணம் ஓவென்று சிரித்தது.

டிஜே தம்பிக்கு முகம் செத்துவிட்டது. அவருடைய மடிக்கணினிக்கு டவர் கிடைக்காமல், உதவிக்கு வந்த பையனின் கைப்பேசியிலிருந்து பாட்டை ஓடவிட்டிருக்கிறார். பையனுடையது இலவசக் கணக்கு. "என் அக்கவுண்ட்டுக்கு மாசாமாசம் சந்தா கட்டுறேண்ணே. இன்னிக்குன்னு பார்த்து மானம் போச்சு" என்றார், கடைசிப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து. "அந்தச் சந்தா இந்த மண்டபத்துக்கும் சேர்த்தா?" என்று கேட்டேன். வம்புக்குக் கேட்டதுதான். அவர் தலையை நிமிர்த்தி, "மண்டபத்துக்குன்னா அது எங்கண்ணே கட்டணும்? இடத்தைச் சொல்லுங்க, கட்டிடுறேன்" என்றார். வம்பிழுத்தவனிடம் பதில் இல்லை.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் என்று எதை எடுத்தாலும், படிக்காமலேயே நாம் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிவிடும் அந்த நீண்ட விதிமுறைக்குள் ஒரு நிபந்தனை உண்டு: சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், வணிகத்துக்குக் கூடாது. மாதம் சில நூறு ரூபாய் கொடுத்து நாம் வாங்குவது, ஒரு பாட்டு நம் காதில் ஒலிப்பதற்கான அனுமதி. அதே பாட்டைக் கூலி வாங்கிக்கொண்டு ஐந்நூறு பேருக்கு நடுவில் ஒருவர் ஒலிக்கவிட்டால், பதிப்புரிமைச் சட்டம் 1957 அதை 'பொதுமக்களுக்குத் தெரிவித்தல்' என்று வேறு கணக்கில் எழுதுகிறது. காதுக்கு ஒரு விலை, கூட்டத்துக்கு ஒரு விலை. முதல் விலையை வசூலிக்கச் செயலி இருக்கிறது. இரண்டாவதை எங்கே கட்டுவது என்பதுதான் தம்பியின் கேள்வி.

நம் ஊருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. கூம்பு ஒலிபெருக்கியை மரக்கிளையில் கட்டிய மைக்செட்காரர், பெட்டி நிறைய இசைத்தட்டு வைத்திருந்தார். தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தில், அனுமதியில்லாமல் பொது இடத்தில் இதை ஒலிபரப்பக் கூடாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஊர்த் திருவிழாவில் அதை யார் படித்தார்கள்? பிறகு கேசட் வந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடமோ 90 நிமிடமோ வெற்றுக் கேசட்டில் பாட்டு ஏற்றித் தரும் 'ரெக்கார்டிங் சென்டர்' தெருவுக்குத் தெரு முளைத்தது. அதற்கும் பிறகு மெமரி கார்டில் ஆயிரம் பாட்டு நிரப்பித் தரும் செல்போன் கடை. இந்தப் பரம்பரையின் கடைக்குட்டிதான் இன்றைய டிஜே. அவருடைய பென்டிரைவில் 'குத்து', 'மெலடி', 'தல', 'தளபதி' என்று உறை உறையாகக் கிடக்கும் பாட்டுகளில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை என்று கேட்பது அநாகரிகம்.

ஆனால் செயலி வந்த பிறகு ஒன்று மாறியிருக்கிறது. இசைத்தட்டோ பென்டிரைவோ, வாங்கியதோ சுட்டதோ, பாட்டு கையில் இருந்தது. இப்போது பாட்டு நிறுவனத்தின் வீட்டில் இருக்கிறது. நாம் வாசலில் நின்று கேட்கிறோம். கதவைச் சாத்துவது அவர்கள் விருப்பம்.

சாத்தியும் காட்டினார்கள். டிஜேக்களுக்கான 'டிஜே' என்ற மென்பொருளில் 2014-லிருந்து ஸ்பாட்டிஃபை பாட்டுகளை நேரடியாக எடுத்துக் கலக்க முடிந்தது. உலகமெங்கும் பலர் அதை நம்பித் தொழில் செய்தார்கள். 2020 ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த இணைப்பு நின்றது. கொரோனாவில் கொண்டாட்டங்கள் எல்லாம் முடங்கிக் கிடந்ததால் பலருக்கு அடி உடனே உறைக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2025-இல், காற்று திரும்பியது. மார்ச்சில் ஆப்பிள் மியூசிக் செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ் போன்ற மென்பொருள்களுக்குள் வந்தது. செப்டம்பரில் ஸ்பாட்டிஃபையும் திரும்பி வந்தது. டிஜே மேசையில் இருக்கும் கருவிக்குள்ளேயே நுழைந்துவிட்ட பிறகும் பழைய நிபந்தனை அப்படியே நிற்கிறது: சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். தொழில்முறைக் கருவியை விற்கிறார்கள், அதில் தொழில்முறைப் பாட்டுச் சரக்கை இணைக்கிறார்கள், பிறகு வீட்டில் மட்டும் பழகிக்கொள் என்கிறார்கள். பறையைக் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் அடிக்காதே என்பதுபோல. செராட்டோவில் ஸ்ட்ரீமிங் பாட்டு ஓடும்போது பதிவுப் பொத்தான் வேலை செய்யாது. நகல் எடுப்பதைத் தடுக்கத் தெரிந்தவர்களுக்கு, மண்டபத்தில் ஒலிப்பதற்கு ஒரு விலை வைக்கத் தெரியாதா என்ன?

டிஜேக்களுக்கென்றே சேவை இல்லாமல் இல்லை. பீட்போர்ட் நிறுவனம் 2019-இல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. இணையம் இல்லாத இடத்திலும் பாட்டைச் சேமித்து வைத்து ஒலிக்கவிட அதில் வழி உண்டு. ஆனால் அதன் பலம் ஹவுஸ், டெக்னோ முதலான நடன மின்னிசை. மாப்பிள்ளையின் நண்பர்கள் கானாப் பாட்டு கேட்டு மேடையை முற்றுகையிடும்போது அது கைகொடுக்காது.

சரி, கூட்டத்துக்கான விலைக்கு வருவோம். பாட்டுக்கு உரிமையாளர் உண்டு என்பது தமிழ்நாட்டில் டீக்கடைப் பேச்சானது 2017-இல், அமெரிக்காவில் இசைப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனபோது. அன்று கட்சி பிரிந்து சண்டை போட்டவர்களில் பலர் கவனிக்காதது, ஒரு திரைப்பாட்டில் உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பது. மெட்டும் வரிகளும் ஓர் அடுக்கு. அவற்றைப் பாடி, வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு இன்னோர் அடுக்கு. மேடையில் குழு வைத்துப் பாடுகிறவர் முதல் அடுக்கை மட்டும் தொடுகிறார். டிஜே பதிவான பாட்டையே ஒலிக்கவிடுவதால் இரண்டையும் தொடுகிறார். மெட்டுக்கும் வரிக்கும் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. 1969-இல் தொடங்கி, இடையில் பல சர்ச்சைகளில் சிக்கி, 2017-இல் பதிப்புரிமைச் சங்கமாகப் புதிதாகப் பதிவு பெற்றது. ஒலிப்பதிவுக்கு 1941 முதல் இருக்கும் பிபிஎல் வருகிறது. யஷ் ராஜ், ஜீ போன்றவற்றின் பாட்டுகளுக்கு நோவெக்ஸ் என்ற நிறுவனம் வருகிறது. மூன்று மணி நேர ஆட்டத்தில் அறுபது பாட்டு ஓடினால், எந்தப் பாட்டு எந்த வாசலுக்கு உரியது என்று பிரித்தறிய டிஜேவுக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா வேண்டும்.

அந்த வாசல்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உரிமம் விற்கும் அதிகாரம் உண்டா என்பதிலேயே நீதிமன்றங்கள் ஒருமித்த குரலில் பேசவில்லை. தங்கள் நிகழ்ச்சிகளில் பாட்டு ஒலிக்கவிட்டதாகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் மீது நோவெக்ஸ் தொடுத்த வழக்கில், பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கம் மட்டுமே உரிமம் வழங்குவதைத் தொழிலாகச் செய்யலாம் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் இதற்கு நேர்மாறாக, உரிமையை எழுதி வாங்கியவர் சங்கமாக இல்லாவிட்டாலும் உரிமம் தரலாம் என்றது. 2025 ஏப்ரலில் பிபிஎல் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு சென்னையின் பக்கம் சாய்ந்தது; அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவின் கட்டணம் தொடர்பான பகுதியை நிறுத்திவைத்தது. இது வெறும் வக்கீல் சண்டை இல்லை. சங்கம் என்றால் கட்டண அட்டவணையை வெளியிட வேண்டும், வசூலித்ததைப் பிரித்துக் கொடுத்த கணக்கைக் காட்ட வேண்டும். தனி உரிமையாளர் என்றால் அவர் சொன்னதே விலை. ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு முன்பு ஓட்டல்களை நோக்கி நோட்டீஸ்கள் பறப்பதன் பின்னணி இதுதான்.

நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடவும் முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. அது பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"கல்யாணத்துக்கு இதெல்லாம் கிடையாதுண்ணே, எங்க அசோசியேஷன்ல சொல்லியிருக்காங்க" என்றார் தம்பி, பாயசத்தை முடித்துக்கொண்டே. அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு, உண்மையான சமயச் சடங்குகளின்போது பாட்டு ஒலிப்பது மீறலாகாது என்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தோடு சேர்ந்த பிற கொண்டாட்டங்களும் அந்தச் சடங்கில் அடக்கம் என்று 1994-இல் ஒரு விளக்கத்தையும் சேர்த்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு வாத்தியம் வைத்தவரிடம் ராயல்டி கேட்டு யாரும் வந்து நிற்கக் கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் இன்றைய கல்யாணம் அந்த அளவில் நிற்கிறதா? மெஹந்தி, சங்கீத், நீச்சல்குளக் கரையில் நள்ளிரவு விருந்து எல்லாம் 'திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டம்' என்றால், நட்சத்திர ஓட்டல் பணம் வாங்குகிறது, நிகழ்ச்சி மேலாளர் வாங்குகிறார், பூ அலங்காரக்காரர் வாங்குகிறார், டிஜே வாங்குகிறார். பாட்டுப் போட்டவர் மட்டும் மொய் எழுதிவிட்டுப் போகிறார்.

எல்லைக்கோடும் தெளிவாக இல்லை. வரவேற்பு உள்ளே வரும், சரி. முதலாண்டுப் பிறந்தநாள் வெளியே, அதுவும் சரி. மஞ்சள் நீராட்டு? வளைகாப்பு? தாலி மறுபடி ஏறுகிற அறுபதாம் கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமா, பிறந்தநாளா? சிரிக்கலாம், ஆனால் மண்டபத்து வாசலில் ஒருவர் நோட்டீஸோடு வந்து நின்றால் இந்தக் கேள்விக்கு உடனே விடை வேண்டும். அரசு விளக்க முயன்றது. 2019-இல் மத்திய அரசு கொடுத்த அறிவிப்பை, சட்டத்துக்குப் பொருள் சொல்வது நிர்வாகத்தின் வேலையில்லை என்று 2022-இல் பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஜூலையில், திருமண நிகழ்ச்சிகளுக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை மறுபடி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதைப் பின்பற்றி கோவா அரசு பிறப்பித்த சுற்றறிக்கை, 2024 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வில் அடிபட்டுப் போனது.

இதில் டிஜேக்கள் கவனிக்கத் தவறும் நுணுக்கம் ஒன்று உண்டு. கல்யாண விலக்கு, பாட்டைப் பொதுவில் ஒலிப்பதற்குத்தான். அதற்காகப் பென்டிரைவில் நகல் எடுத்து வைத்தது அந்தப் பிரிவுக்குள் வரவில்லை. செயலி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைச் சட்டத்தின் விலக்கு அழித்துவிடாது. ஆக, பிபிஎல்லுக்கோ ஐபிஆர்எஸ்ஸுக்கோ ஒரு பைசா கடன்படாத கல்யாண டிஜே, அதே இரவில் தன் செயலியின் விதியை மீறியவராக இருப்பார். அவர்கள் வழக்குப் போட மாட்டார்கள், கணக்கை முடக்குவார்கள். அது முகூர்த்த நாளன்று நடந்தால் என்ன ஆகும் என்பதைத் தம்பியின் முகத்தில் பார்த்துவிட்டேன்.

என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் உரிமக் கட்டணத்தைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஐந்நூறு பேரை ஆடவைத்த பாட்டைச் செயலி ஒரே ஒரு கேட்பாகப் பதிகிறது. வீட்டில் துணி மடித்துக்கொண்டே யாரோ கேட்ட பாட்டும் ஒரு கேட்பு, மண்டபமே அதிர்ந்த பாட்டும் ஒரு கேட்பு. பெரும்பாலான சேவைகளில் சந்தாப் பணம் மொத்தமாக ஒரு குவியலில் சேர்ந்து, மொத்தக் கேட்புகளில் எந்தப் பாட்டுக்கு எவ்வளவு பங்கோ அதன்படி பிரிகிறது. ஆகவே மண்டபத்தில் மட்டுமே வாழ்கிற பாட்டு இந்தக் கணக்கில் கண்ணில் படாது. ஓட்டல்களிடம் மொத்தமாக வசூலிக்கும் தொகையிலும் இதே கதைதான். அன்று எது ஒலித்தது என்ற பட்டியல் இல்லாமல் பணத்தைப் பிரித்தால், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஏற்கெனவே தெரிந்த பாட்டுகளின் பக்கமே அது ஒழுகும். வியாசர்பாடியில் சின்ன அறையில் பதிவு செய்து வெளியிட்ட கானாப் பாட்டு, ஓர் ஆண்டு முழுவதும் வட தமிழ்நாட்டுக் கல்யாணங்களை ஆட்டிவைத்தாலும், எழுதியவர் வீட்டுக்கு எந்தக் கவரும் வராது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பறிக்க முடியாத பங்கு உண்டு என்று 2012-இல் சட்டத்தைத் திருத்தினோம். பங்கு காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

டிஜேக்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் இரவுக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் பேசுகிறவர், மாதம் சில நூறு ரூபாய்ச் சந்தாவை மூலதனமாகக் காட்டி 'நான் காசு கட்டித்தான் போடுகிறேன்' என்று மார்தட்டுவது செல்லாது. ஒலிபெருக்கிக்கு வாடகை, ஜெனரேட்டருக்கு டீசல், வண்டிக்கு வாடகை எல்லாம் கணக்கில் வரும்போது பாட்டுக்கு மட்டும் ஏன் பூஜ்யம்? அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும்: கட்டுவதற்குத் தயாராக இருக்கிறவருக்கு நாம் கவுன்டர் வைக்கவில்லை.

வைக்க முடியாதது இல்லை. பிரிட்டனில் மெட்டுக்கான சங்கமும் ஒலிப்பதிவுக்கான சங்கமும் 2018-இல் கைகோத்து ஒரே உரிமமாக விற்கத் தொடங்கின. அதை எடுப்பது கடை, ஓட்டல், அரங்கம் நடத்துகிறவர். ஜெர்மனியில் அரங்கம் தன் பங்கைக் கட்டுகிறது. டிஜே தான் நகல் எடுத்து வைத்திருக்கும் பாட்டுக்குப் பாட்டு 13 சென்ட் கட்ட வேண்டும் என்று கெமா அமைப்பு 2013-இல் ஒரு கட்டணம் கொண்டுவந்தது. அங்கேயும் டிஜேக்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் என்ன கட்ட வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்பது தெரிந்த முணுமுணுப்பு அது. நம் சட்டத்திலும் இதற்கு அடித்தளம் இருக்கிறது. அனுமதியில்லாத இசை ஒலிக்க இடத்தை லாபத்துக்கு விட்டவரும் பொறுப்பாளி என்று 51-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியானால் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி டிஜேவைத் துரத்துவதை விட்டுவிட்டு, மண்டபமும் ஓட்டலும் ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு அடுக்குக்கும் சேர்த்து, ஒரே வாசலில் கட்டும்படி செய்யலாம். கல்யாணத்துக்கு விலக்கு இருப்பதால், மற்ற நிகழ்ச்சிகள் எத்தனை என்ற கணக்குக்கு மட்டும் கட்டினால் போதும். நூறு பேர் உட்காரும் ஊர்ச் சமுதாயக் கூடத்தையும் கடற்கரைச் சொகுசு விடுதியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

செயலி நிறுவனங்களும் இசை நிறுவனங்களும் உட்கார்ந்து பேசி, தொழில்முறைச் சந்தா என்று தனியாக ஒன்றை விற்கட்டும். விலை ஐந்து மடங்கு இருந்தாலும் வாங்குவார்கள். பிடித்த நாளில் கதவைச் சாத்த மாட்டோம் என்ற உறுதிக்கே அந்த விலை தகும்.

பட்டியலுக்குத்தான் வழி இல்லை என்று நினைத்திருந்தேன். மண்டபத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த தம்பியிடம், இன்று எந்தெந்தப் பாட்டு போட்டாய் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "நான் ஏண்ணே ஞாபகம் வெச்சுக்கணும்?" என்று மடிக்கணினியைத் திறந்து 'ஹிஸ்டரி' என்ற இடத்தில் தட்டினார். அன்றிரவு ஓடிய ஒவ்வொரு பாட்டும், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற நேரத்தோடு, வரிசையாக நின்றது. அறுபத்தெட்டுப் பாட்டு. கைப்பேசியிலிருந்து போட்டு விளம்பரத்தில் மாட்டிக்கொண்ட அந்த ஒன்று மட்டும் இல்லை. பட்டியலை மேலும் கீழும் ஓட்டிக் காட்டினார். மூன்று வருடத்துக் கல்யாணங்களும் தேதிவாரியாக உள்ளே இருந்தன.

"இதை யாராவது கேட்டிருக்காங்களா?"

"நீங்கதாண்ணே மொத ஆளு" என்று மூடியைச் சாத்தினார்.